பெல்ட் வண்டி வந்தது, உளுந்து போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ட்ரோன் மூலம் மருந்து தெளிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விவரங்கள் நன்றாகவே இருந்தன. நடுவில் ஒரு வரி மட்டும் உறுத்தியது: டெல்டா விவசாயிகள் பழைய முறையை விட்டு வெளியே வரத் தயங்குகிறார்கள், விழிப்புணர்வு போதவில்லை என்று. இதே வரியை எத்தனையோ மேடைகளில் கேட்டாகிவிட்டது. நான் மன்னார்குடி பக்கம் சம்பா நெல் போடுகிறவன், கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. எந்தப் புது முறை எங்கள் வயலுக்குள் வந்தது, எது வரப்போடு நின்றது, வந்ததால் என்னென்ன ஆனது என்பதை வயலில் நிற்கிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயக்கம் என்று சொல்கிறவர்கள் 1960-களைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும். நம்மூர் ஜிஇபி 24 ரகத்தையும் ஜப்பான் ரகம் ஒன்றையும் கலப்பு செய்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ஏடிடி 27 நெல் வந்தபோது எங்கள் அப்பா தலைமுறையில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்கள். ஜூனில் தொடங்கும் குறுவைப் பருவத்துக்குத் தோதான குறைந்த வயது, உரம் போட்டால் கண்ணுக்கு முன்னால் விளைச்சல் தெரிகிறது, அது போதுமாக இருந்தது. சில பருவங்களுக்குள் பழைய தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பரவிவிட்டது. 1966-ல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐஆர் 8 இங்கே வந்தபோது, தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் தன் பிள்ளைக்கே ஐஆர் எட்டு என்று பெயர் வைத்தார். ஆந்திராவில் பாபட்லாவில் உருவான பிபிடி 5204-ம் அப்படித்தான். வியாபாரி நல்ல விலைக்கு எடுக்கிறான் என்று தெரிந்ததும் ஆந்திரா பொன்னி என்று நாங்களே ஒரு பெயரைக் கொடுத்து விதைத்தோம். யாரும் வீடு வீடாக வந்து விழிப்புணர்வு ஏற்படுத்திய ஞாபகம் எனக்கு இல்லை.

அறுவடை வண்டி கதையும் இதே மாதிரிதான். சம்பா அறுப்பு தை மாசம். ஒரு ஏக்கரைக் கையால் அறுக்க பதினைந்து, இருபது ஆள் வேண்டும்; அறுத்து, அறுத்த தாளை அரி அரியாக வயலிலேயே காயப்போட்டு, கட்டுக் கட்டி, களத்துக்குத் தூக்கி, அடித்து, தூற்றி மூட்டை பிடிப்பதற்குள் நான்கைந்து நாள் ஓடிவிடும். இதற்கு நடுவில் ஒரு மழை வந்தால் அரியிலேயே முளை விட்டுவிடும். வண்டி இறங்கினால் அதே ஏக்கர் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், ஊரில் ஒரு புரோக்கர் இருப்பார், அவரிடம் சொல்லி வைத்தால் வரிசைப்படி வயலுக்கு வரும். காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, ஈர வயலுக்கு, டயருக்குப் பதில் பட்டையில் ஓடுகிற பெல்ட் வண்டி. வாடகை மணிக் கணக்கு. நெல் விற்ற பிறகு பணம் கொடுத்தாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். தொழிலாளர்கள் வரப்பில் நின்று வண்டியை மறித்த காலமும் எங்கள் பக்கம் உண்டு. இன்றைக்கு அவர்களும் தங்கள் குத்தகை வயலுக்கு அதே வண்டியைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், வண்டியை நாங்கள் யாரும் வாங்கவில்லை. அதற்குக் கடன் இல்லை, டிரைவர் சம்பளம் இல்லை, பழுதானால் எங்கள் தலைவலி இல்லை. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் சுமாருக்கு, வைத்திருக்கிறவனும் மூன்று மாவுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். ஒரு வருஷம் பிடிக்கவில்லையா, அடுத்த வருஷம் ஆள் வைத்து அறுத்துக்கொள்ளலாம். பயிற்சி முகாம் கிடையாது, செயல்விளக்கத் திடல் கிடையாது, ஆனாலும் டெல்டா முழுக்க அறுவடை மாறிப்போனது.

சரி, அரசு இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த செம்மை நெல் சாகுபடி ஏன் பாதியில் நிற்கிறது? மடகாஸ்கரில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் விவசாயிகளோடு சேர்ந்து கண்டுபிடித்த முறை அது. 2003-04-ல் காவிரி, தாமிரபரணி பாசனப் பகுதிகளில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளின் வயலிலேயே பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தது, விளைச்சலும் கூடியது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, கால் மீட்டருக்கு ஒரு குத்து வீதம் சதுர நடவு, பத்து நாளுக்கு ஒருமுறை கோனோ வீடர் என்ற களை எடுக்கும் கருவியை உருட்டுவது, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர். போர்செட் வைத்திருக்கிறவர் இதை அருமையாகச் செய்யலாம். எங்களுக்கோ வாய்க்கால் தண்ணீர். குறுவையில் முறை வைத்து விடும்போது அது எங்கள் சௌகரியத்துக்கு வராது, காயவிட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. சம்பாவில் நேர் எதிர்: ஐப்பசி மழையில், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற எங்கள் கடைமடை வயலில் தண்ணீர் நின்றால் வடிகால் எடுக்காது, 14 நாள் நாற்றெல்லாம் மூழ்கி அழுகிவிடும். கோனோ வீடரைச் சேற்றில் ஒரு மா தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடுப்பு கழன்றுவிடும். காலங்காலமாகக் களை எடுத்த பெண்களால் அதை நாள் முழுக்கத் தள்ள முடியவில்லை, ஆண்கள் ஆண் கூலி கேட்டார்கள், கயிறு பிடித்து நடுவதற்கு நடவு ஆட்கள் தனிக் கூலி கேட்டார்கள்.

ஆனால் ஒன்று, செம்மை நெல்லை நாங்கள் தூக்கியும் போடவில்லை. முன்பெல்லாம் ஏக்கருக்கு முப்பது கிலோ விதை விட்டு, முப்பது நாள் தாண்டிய நாற்றைக் கொத்தாகப் பிடித்து ஊன்றுவோம். இப்போது விதையும் குறைந்திருக்கிறது, நாற்றின் வயசும் குறைந்திருக்கிறது, குத்துக்கு இரண்டு மூன்று, இடைவெளி கொஞ்சம் அதிகம். அந்த முறையிலிருந்து எங்களுக்கு ஒத்துவந்ததை எடுத்துக்கொண்டோம், ஒத்துவராததை விட்டுவிட்டோம். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. கணக்கெடுக்க வருகிறவர் செம்மை நெல்லா சாதா நடவா என்று இரண்டு கட்டம்தான் வைத்திருப்பார்.

இனி, அறுவடை வண்டி வந்ததன் விளைவுக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் தொடாத பக்கம் இதுதான்.

டெல்டாவில் சம்பாவோ, குறுவைக்குப் பின் போடும் தாளடியோ அறுத்த வயலில் உளுந்தும் பயறும் வருவது எங்கள் தாத்தா காலத்து ஏற்பாடு. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசி விடுவோம். உழவு கிடையாது, உரம் கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. நெல்லை அறுக்கும்போது கீழே இரண்டு இலை விட்டிருக்கும். மண்ணில் மிச்சமிருக்கிற ஈரம், விடிகாலைப் பனி, இவற்றிலேயே வளர்ந்து பங்குனி, சித்திரையில் காசாகும். இதற்கென்றே ஆடுதுறையில் ஏடிடி 3 என்று ஒரு உளுந்து ரகம் உண்டு. நெல்லில் வருகிற பணம் கூட்டுறவுக் கடனுக்கும் உரக்கடைப் பாக்கிக்கும் போய்விடும். உளுந்துப் பணம்தான் வீட்டுக்கு நிற்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் அதுதான். மண்ணுக்கும் தழைச்சத்து.

பெல்ட் வண்டி இறங்கிய வயலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வண்டி சில டன் எடை. மெழுகுப் பதத்தில் இருக்கிற மண்ணில் அது போகிற தடமெல்லாம் முளைத்த உளுந்து சேற்றோடு சேர்ந்து அமுங்கிப் போகிறது. வரப்போரம் திரும்புகிற இடத்தில் முழங்கால் அளவுக்குக்கூடப் பள்ளம் விழும், அதில் தண்ணீர் தேங்கி நிற்கும். பின்பக்கம் துப்புகிற வைக்கோல் வரிசை வரிசையாக மொத்தமாக விழுந்து கிடக்கும், அதன் அடியில் இருக்கிற செடி வெளுத்துச் சாகும். வைக்கோல் கட்டுகிற மிஷின் வந்து உருட்டிக்கொண்டு போனால் சரிதானே என்பீர்கள். அதற்கு ஒரு டிராக்டர் மறுபடி வயலில் இறங்க வேண்டும், பிழைத்த செடி அதில் போகும். வண்டி அறுப்பு என்றால் இறங்குவதற்குச் சற்று முன்னால் விதையுங்கள், விதை அளவைக் கூட்டிப் போடுங்கள் என்று வேளாண் துறையில் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வண்டி நாளைக்கு வருமா, நாலு நாள் கழித்து வருமா என்பது புரோக்கருக்கே தெரியாது. விதைத்துவிட்டுக் காத்திருந்தால் முளைத்துவிடும், விதைக்காமல் காத்திருந்தால் ஈரம் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் சம்பாவுக்குப் பிறகு உளுந்தே போடாதவர்கள் இப்போது நிறையப் பேர். தண்ணீர் வசதி உள்ளவர் கோடைப் பருத்திக்குப் போய்விட்டார், மற்றவர் நிலம் சும்மா கிடக்கிறது. மழை, பனி எல்லாம் மாறிப்போனதும் இதற்கு ஒரு காரணம், இல்லையென்று சொல்ல மாட்டேன். என்றாலும் அறுவடை வண்டியால் ஏக்கருக்கு இவ்வளவு கூலி மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் யாரும் போன உளுந்தை எதிர்ப்பக்கம் எழுதுவதில்லை. எழுதினால் மிச்சத்தில் எவ்வளவு கரையும் என்பது வயலுக்கு வயல் மாறும், ஆனால் கரையும்.

அடுத்தது கொள்முதல் நிலையம். அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கையால் அறுத்த காலத்தில் அரியிலும் களத்திலும் கிடந்தே நெல் பாதி காய்ந்துவிடும். வண்டியிலிருந்து நேராக டிராக்டர் பெட்டியில் கொட்டுகிற நெல் பச்சை நெல். அது மட்டுமில்லை, முன்பு ஒரு மாசத்துக்குப் பரவி வந்த நெல் இப்போது ஊர் முழுக்கப் பத்துப் பதினைந்து நாளில் வந்து குவிகிறது. நிலையத்தில் எடை போடுகிற வேகம் பழைய வேகம், சாக்கு வருவது பழைய வேகம், லாரி வந்து மூட்டையை எடுப்பது அதைவிடப் பழைய வேகம். அதனால்தான் ரோட்டில் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் கொட்டிக் காயவைத்து, ராத்திரி தார்ப்பாய் போட்டுக் காவல் படுத்திருக்கிறோம். மழை பெய்த வருஷத்தில் ஈரப்பத விதியைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை போகும், டெல்லியிலிருந்து குழு வரும், கையில் நெல்லை அள்ளிப் பார்ப்பார்கள், பத்திரிகையில் படம் வரும். அறுக்கிற வேகத்தை மட்டும் கூட்டிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்தால் நெரிசல் அடுத்த இடத்துக்குத்தான் நகரும்.

கூலி ஆட்கள் விஷயத்தில் எங்கள் விவசாயிகளோடேயே எனக்குத் தகராறு உண்டு. 100 நாள் வேலையால்தான் ஆள் கிடைக்கவில்லை என்று டீக்கடையில் எல்லாரும் திட்டுவார்கள். நான் அதில் சேர மாட்டேன். அறுவடைக் கூலி நெல்லாக அளந்த காலத்தில் ஒரு குடும்பம் தை, மாசி இரண்டு மாசத்தில் அரை வருஷத்துச் சாப்பாட்டு நெல்லைச் சேர்த்துவிடும். அந்த வேலையை வண்டிக்குக் கொடுத்தது நாம். களை எடுப்பை மருந்துக்குக் கொடுத்தது நாம். மிச்சம் நடவு மட்டும், அதுவும் வருஷத்தில் சில வாரம். அதை நம்பி யார் ஊரில் உட்கார்ந்திருப்பார்கள்? பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இப்போது நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்து, குழுவாகத் தங்கி, ஏக்கர் பேசி நட்டுக் கொடுக்கிறார்கள். நன்றாகவே நடுகிறார்கள், அது வேறு விஷயம். புது ரகங்கள் வந்த காலத்திலும் இதே கதைதான்: களத்தில் குவிந்த நெல் கூடியது, கூலி அதே வேகத்தில் கூடவில்லை. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் அந்தக் கூலித் தகராறும் இருந்தது. விளைச்சல் கூடினால் அது யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்காமல் தொழில்நுட்பத்தைப் பற்றி மட்டும் பேசுவது இந்த மண்ணில் சரிப்படாது.

சத்தமில்லாமல் வந்த இன்னொரு மாற்றம், நாற்று விடாமல் வயலிலேயே நெல்லை விதைக்கிற நேரடி விதைப்பு. 2012-லிருந்து 2019 வரை ஒரு வருஷம்கூட வழக்கமான நாளான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்றே தெரியாத நிலையில், ஆவணியில் கிடைக்கிற மழையை நம்பிப் புழுதியில் சம்பாவை விதைக்க ஆரம்பித்தவர்கள் பிறகு அதை விடவில்லை. நாற்றுப் பறி, நடவு இரண்டு செலவும் மிச்சம், முட்டுவழிச் செலவு கணிசமாகக் குறைகிறது. எங்கள் கடைமடைக்கு இது மாதிரி ஒத்துவந்தது வேறில்லை என்பேன். விலை என்ன? களை. தண்ணீர் நிறுத்தி அமுக்க முடியாததால் புல் நெல்லோடு சேர்ந்தே எழும்பும். விதைத்ததும் ஒரு மருந்து, இருபது நாள் தாண்டி பிஸ்பைரிபாக் சோடியம் என்ற களைக்கொல்லி. எல்லாரும் அதையே வருஷா வருஷம் அடித்து அடித்து, சில வயல்களில் புல் இப்போது மருந்துக்கு அசைவதே இல்லை. மருந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும் என்பதை உரக்கடைக்காரர் சொல்ல மாட்டார், அவரிடம் இருப்பதைத்தான் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான விவசாயிக்கு வேளாண் ஆலோசகர் உரக்கடைக்காரர்தான், இதை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

ட்ரோனுக்கு வருகிறேன். கைத்தெளிப்பான் தோளில் மாட்டி மருந்தை மூச்சில் வாங்குகிற வேலையிலிருந்து ஒரு மனுஷனை அது விடுவிக்கிறது, அதற்காகவே வரவேற்கலாம். மகளிர் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்தில் ட்ரோன் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டமும் 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீர், பத்து நிமிஷ வேலை. எங்கள் வயல்களோ துண்டு துண்டு, வரப்பில் தென்னை, குறுக்கே மின்கம்பி, என் வயலில் அடிக்கிற மருந்து காற்றில் பக்கத்து வயலுக்கும் மீன் குட்டைக்கும் போகும். தண்ணீரைச் சுருக்கும்போது கலவை செறிவாகிறது, எந்த மருந்தை எந்த அளவில் கலக்கலாம் என்பதைத் தமிழில் ஒரு தாளில் அடித்து ட்ரோன் ஓட்டுகிற பெண்களிடம் கொடுத்தால் பாதிப் பயம் போகும். அறுவடை வண்டி மாதிரி வாடகைக்குச் சுலபமாகக் கிடைத்தால் நாங்கள் எடுத்துக்கொள்வோம், யாரும் கெஞ்ச வேண்டாம்.

மானியம் யாருக்குப் போகிறது என்பதையும் எழுத வேண்டும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் என்பது பெரிய விஷயம், தென்னைக்கும் காய்கறிக்கும் அது செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் திட்டமானாலும் சிட்டா, அடங்கல் என்று நில ஆவணம் கேட்பார்கள், இப்போது விவசாயிக்கான தனி அடையாள எண்ணும். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் வெளியூரில் இருப்பவர் நிலமும் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். உழுகிறவர் கையில் ஒரு துண்டுத் தாள் இருக்காது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது, நடைமுறையில் இன்னும் வாய்ப்பேச்சுதான். பதிவு செய்யக் கேட்டால் அடுத்த வருஷம் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். குறுவை சாகுபடிக்கு அரசு அறிவிக்கிற உதவியான குறுவைத் தொகுப்பில், 2024-ல் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் கொடுத்தார்கள். மிஷின் நடவுக்கான பாய் நாற்றங்கால் விட்டு, மிஷினுக்கு அலைந்து, நட்டவர் ஒருவர். பட்டா உள்ளவர் சென்னையில் இருக்கிறார். இந்த நிலையில் குத்தகைக்காரர் புது முறைக்கு வரவில்லை என்றால் அவரிடம் விழிப்புணர்வு இல்லை என்று எழுதுவது நியாயமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த இயந்திரத்துக்கு மானியம் கொடுத்தாலும் எத்தனை இயந்திரம் கொடுத்தோம் என்று அறிக்கை எழுதுவதோடு, அந்த வயலில் அடுத்த போகம் என்ன ஆனது, உளுந்து முளைத்ததா, அந்த ஊரில் பெண்களுக்கு எத்தனை நாள் வேலை மிஞ்சியது என்பதையும் எழுதட்டும். ஈர வயலில் குறைவாக அமுங்குகிற, எடை குறைந்த அறுவடை வண்டி பற்றி கோவையிலும் ஆடுதுறையிலும் இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் எங்கள் கடைமடை வயலிலேயே இறக்கிப் பார்க்கட்டும், வைக்கோலை வரிசையாகக் கொட்டாமல் பரப்பி விடுகிற அமைப்பையும் சேர்த்து. பெரிய கொள்முதல் நிலையங்களில் நெல் உலர்த்தும் இயந்திரம் வேண்டும், மூட்டைக்கு நியாயமான கட்டணம் வாங்கினாலும் கொடுக்கத் தயார். அப்புறம், குத்தகை சாகுபடியாளர் யார் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலர் அந்தப் பருவத்துக்கு மட்டும் ஒரு சாகுபடிச் சான்று கொடுத்தால், நிலத்துக்கு உரிமை கோர அதைப் பயன்படுத்த முடியாது என்று அதிலேயே எழுதிவிட்டால், நில உடைமையாளரும் பயப்பட மாட்டார், மானியமும் உழுகிறவருக்குப் போய்ச் சேரும். அடுத்த குறுவைத் தொகுப்பை அறிவிப்பதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் இது.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.